எட்டு மில்லிமீட்டர்

சாணைக்கல் சுழல்கிறது.
வரிசையில் பதினோரு பேர், ஆளுக்கொரு வாளோடு.
கல்லில் தண்ணீர் ஊற்றுவதில்லை,
நுரைக்கும் ஒயினைத்தான் ஊற்றுகிறார்கள்.
யுவாஸ்குலாவில் முனைவரானால்
வாளும் மடிப்பு வைத்த கறுப்புத் தொப்பியும் உண்டு,
அதாவது
நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.
வாள் ஒரு மாத வாடகை.
தொப்பிக்குத் தவணை உண்டா என்று கேட்டேன்.
கடைக்காரர் சிரித்தார்.
நான் கேட்டது நிஜமாகத்தான்.

"உண்மைக்காகப் போரிடுங்கள்"
என்றார் பேராசிரியர் லௌக்கனென்.
அவரே நேற்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்:
மாதக் கடைசிக்குள்
உறைபெட்டியில் உன் மூன்று தட்டுகளையும் காலி செய்,
எம்மி வருகிறாள்.

செவ்வாய்க்கிழமை வேலைவாய்ப்பு அலுவலகம்.
மெர்வி என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
"என்னென்ன தெரியும்?"

தெரியும்.
பனி உருகிய ஆற்றில் குப்புற மிதந்து
கூழாங்கல்லுக்கும் சிப்பிக்கும் வித்தியாசம் தெரியும்.
ஓட்டின் வளையங்களை எண்ணி
இது நூற்றுப் பன்னிரண்டு வயதுக்காரி என்று சொல்லத் தெரியும்.
இடுக்கியால் அதன் வாயை
எட்டு மில்லிமீட்டர் திறந்து
சூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
இருந்த இடத்திலேயே வைக்கத் தெரியும்.
ஒன்பதானால் தசை கிழிந்துவிடும்.

மெர்வி யோசித்தாள்.
"கவனமானவர்" என்று தட்டினாள்.

தாய்ச்சிப்பி ஒரு கோடையில்
லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஆற்றில் விடும்.
மீனின் செவுள் அகப்பட்டவை தொற்றிக்கொள்ளும்,
குளிர்காலம் முழுக்க அங்கேதான்.
ஜூனில் உதிரும்.
கீழே மணலா சேறா என்று
உதிரும்போது தெரியாது.
"இதை என் கதையாக்கிவிடாதே" என்றேன் ஒஸ்குவிடம்.
"நான் வாயே திறக்கலையே" என்றான்,
உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே.

வீகோவிலிருந்து கடிதம் வந்தது.
கடல் சிப்பி, இரண்டு வருடம், நல்ல குழு.
அதற்குப் பிறகு?
அதற்குப் பிறகு இன்னொரு ஊர், இன்னொரு இரண்டு வருடம்.
என்னோடு வாள் தீட்டிய யெரே
ஏற்கெனவே ஸூரிக்கில் வீடு பார்த்துவிட்டான்.
எனக்கும் ஆசைதான்.
பொய் சொல்வானேன்,
இரண்டு இரவு அந்தத் துறைமுகத்தை வரைபடத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

குளிர்பெட்டிக் கதவில்
ஒஸ்குவின் மகள் வில்யா ஒட்டிய காலண்டர்.
ஒருவாரம் அம்மா வீடு, ஒருவாரம் எங்கள் வீடு.
எங்கள் வாரங்களுக்குப் பச்சை.
டிசம்பர் வரை பூசி வைத்திருக்கிறாள்.
கட்டத்துக்கு வெளியே வழியும் பச்சை.

தயிர் ஆலை.
நிரந்தரப் பணி, ஆய்வகம், காலை ஆறு மணி ஷிப்ட்.
தொப்பி வட்டப் பெட்டிக்குள் அலமாரி உச்சியில் இருக்கிறது.
இங்கே தருவது வலைத்தொப்பி,
ஒரு மயிர் வெளியே தெரியக்கூடாது.
முதல் நாள் தட்டில் முப்பத்தொரு புள்ளிகள் எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன், முப்பத்தொன்று.
மேற்பார்வையாளர் பிர்க்கோ சொன்னாள்,
"ஒரு தடவை போதும்.
இங்கே யாரும் உன்னைக் குறுக்கு விசாரணை செய்யமாட்டார்கள்."
பஸ்ஸில் வரும்போது
அதற்காகக் கொஞ்சம் அழுதேன்.
ஏனென்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கோடை விழாவன்று
வில்யாவின் பந்து கூரைத் தகரத்தில் மாட்டிக்கொண்டது.
துடைப்பம் எட்டவில்லை.
ஒஸ்கு என்னைப் பார்த்தான்.
போய் எடுத்து வந்தேன்.
நாற்காலி மேல் ஏறி, கை நீட்டி,
உண்மைக்காகத் தீட்டிய வாளால்
ஒரே தள்ளு.
பந்து விழுந்தது.
அண்டை வீட்டார் கைதட்டினார்கள்.

ஜூலையில் மெர்வி தொலைபேசினாள்,
கோப்பை மூட வேண்டுமாம்.
வேலை கிடைத்ததா?
கிடைத்தது.
விசைப்பலகைச் சத்தம்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.
"அந்தச் சிப்பி" என்றாள்,
"எட்டா, ஒன்பதா?
வீட்டில் சொல்லும்போது மறந்துவிட்டது."

எட்டு, என்றேன்.